கதவைச் சாத்தியது யார்?

இன்று காலை பாடாலூர் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சின்ன வெங்காய வாடை மூக்கில் ஏறியது. நெடுஞ்சாலை ஓரமாகத் தார்ப்பாய் விரித்துக் குவித்துப் போட்டிருந்தார்கள். மண் உதிராத புது வெங்காயம். அறுத்துப்போட்ட வெங்காயத்தாள்கள் ஒரு பக்கம் வெயிலில் வாடிக் கிடந்தன. கார்களை ஓரங்கட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே நான் சும்மா நின்றேன். எனக்காக ஒரு பெண் அந்த ஊரில் காத்துக்கொண்டிருந்தாள். இருந்தாலும் கால் நகரவில்லை. உன்னை முதன்முதலில் பார்த்தது இந்த வாடைக்கு நடுவில்தானே.

வெங்காயம் அறுக்க உங்கள் கீழப்பழுவூர்ப் பக்கத்திலிருந்து வேனில் ஆள் ஏற்றி வருவார்கள். கொட்டகையில் சாக்கு விரித்து வரிசையாக உட்கார்ந்திருப்போம். என் பக்கத்துச் சாக்கில் வந்து உட்கார்ந்தாய். பேர் கூடச் சொல்லவில்லை. கையை மோந்து பார்த்துவிட்டு, "இந்த வாசத்தோட போனா எங்க வூட்டு நாயே என்னய அடையாளம் தெரியாம கொலைக்குது" என்றாய். நான் சிரித்துச் சிரித்து அரிவாளில் விரலை வெட்டிக்கொண்டேன். உன் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டாய். நமக்கு ஒரே வயது. உனக்கும் எனக்கும் கட்டியவன் பக்கத்தில் இல்லை. உன்னுடையவன் திருப்பூர் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். என்னுடையவன் இருந்தும் இல்லாத மாதிரி.

அந்த அறுப்பு முடிந்தபின் நாம் பார்த்துக்கொள்ளவே இல்லை. சில வருஷம் கழித்து, பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரியில், எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். நிமிர்ந்தால் நீ.

"நீயுமா?" என்றாய்.

"நீயுமா?" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே தொழிலுக்குத் தனித்தனி வழியாக வந்து சேர்ந்திருக்கிறோம் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துபோயிற்று. அழவேண்டிய இடம் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். நீ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "இது என்ன கல்யாண வூடா?" என்று அதட்டும் வரைக்கும் சிரித்தோம்.

ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தாய் என்று நான் உன்னைக் கேட்டதில்லை. நீயாகத்தான் ஒரு நாள் சொன்னாய். வெங்காயத்துக்குப் பிறகு முந்திரி உடைக்கப் போனாய், அதன்பிறகு ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தாய். "காலையிலேருந்து கடை சாத்துற வரைக்கும் நிக்கணும், உக்காரக் கூடாது. மொதலாளி போறப்ப வர்றப்ப இடிச்சிட்டுப் போவான். எங்கிட்ட கேட்டுட்டா இடிச்சான்? இங்க கேட்டுட்டுத்தான் வர்றான். புடிக்கலைன்னா போன வெச்சிர்றேன்." உன் கணக்கு அவ்வளவுதான். நல்ல தொழில் என்று நீ சொன்னதில்லை. கெட்ட தொழில் என்றும் சொன்னதில்லை. யாரும் உன்னை இழுத்துக்கொண்டு வரவில்லை என்பதில் மட்டும் உனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது.

போனில் நீ பேசுவதைக் கேட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும். பெரம்பலூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் ஜன்னலை ஓடிப்போய்ச் சாத்துவேன். மளிகைக்கடைக்குச் சாமான் சொல்வதுபோல் கணீரென்று சொல்வாய். "தனியா வரணும். குடிச்சிட்டு வரக் கூடாது. ஒறை இல்லாம கெடையாது. நான் கெளம்புறேன்னு சொன்னா கெளம்பிருவேன், அதுக்கப்பறம் பேச்சு கெடையாது. சரின்னா சொல்லுங்க." அந்தப் பக்கம் சரி சரி என்கிற சத்தம் எனக்கே கேட்கும். "ஏன் இவ்ளோ சத்தம்?" என்று கேட்டதற்கு, "மொள்ளமா சொன்னா காதுல விழலைம்பான்" என்றாய்.

நம் தொழில் பெண்களாகச் சேர்ந்து வைத்திருந்த சங்கத்தில் வேறு கதையோடு வந்தவர்களும் இருந்தார்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று கூட்டிவந்து ஒரு புரோக்கர் பூட்டி வைத்திருந்த அந்தச் சேலத்துக்காரப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். அவள் ஊருக்குப் போகவேண்டும் என்று சொன்ன அன்றே நம்பிக்கை மையத்து ஆலோசகர் மேடத்தைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் நின்றவள் நீ. பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது சொன்னாய்: "வர்றதும் அவ இஷ்டமா இருக்கணும், போறதும் அவ இஷ்டமா இருக்கணும்." இவ்வளவு தெளிவாக இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். அதை எழுதாமல் உனக்கு மடல் எழுத முடியாது.

அன்று அரியலூரில் கடைவீதியில் இருந்தேன். உன் போன் வந்தது. "செல்வி, செந்துறை ரோட்டுல பஸ் நிழற்கொடையில நிக்கிறேன். வா." அவ்வளவுதான். குரல் உன்னுடையதாகவே இல்லை. தெரிந்தவர் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்தேன். முந்திரிக்காடு தொடங்குகிற இடத்தில், நிழற்குடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

ஆட்டோவில்தான் சொன்னாய். சுண்ணாம்புக்கல் குவாரிக்கு லாரி விடுகிற அந்த ஆள், இதற்கு முன் இரண்டு தடவை வந்தவன், தனியாகத்தான் வருவேன் என்று சொல்லியிருக்கிறான். முந்திரிக்காட்டுக்குள் இருந்த அவனுடைய மோட்டார் கொட்டகைக்குப் போனால் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"வேணாம்னேன். நான் கெளம்புறேன்னேன். கதவ சாத்திட்டானுங்க" என்றாய்.

அதற்குமேல் நீ சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அதை எங்கே சொல்லவேண்டுமோ அங்கே நீயே சொன்னாய்.

எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: உன்னை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சுடுதண்ணீர் வைத்துக் குளிக்க வைக்கவேண்டும். ஆலோசகர் மேடத்துக்குப் போன் போட்டேன். "குளிக்க வேணாம், துணி மாத்த வேணாம். நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க, நானும் வந்துர்றேன்" என்றார். நீ என் கையிலிருந்து போனை வாங்கி, "அப்புடின்னா கேஸ் குடுக்கலாமா மேடம்? எங்கள மாதிரி ஆளுங்க குடுக்கலாமா?" என்று கேட்டாய். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது உன் குரல் உனக்குத் திரும்பி வந்திருந்தது. "ஆட்டோவ வேகமா விடச் சொல்லு" என்றாய்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் ஒவ்வொன்றையும் உன்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் செய்தார். "தொடலாமா?" என்று அவர் கேட்டபோது நீ அன்றைக்கு முதல் தடவையாக அழுதாய்.

போலீஸ் ஸ்டேஷனில் அப்படி யாரும் கேட்கவில்லை. எந்த ஸ்டேஷன் என்று சொல்லவேண்டாம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நம் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னாய். அவர் பேனாவை மூடிவிட்டார்.

"அந்த வேலதான பாக்குற? அப்பறம் என்னம்மா பலாத்காரம்?"

பின்னால் இருந்த ஒருவர் சிரித்தார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. நீ நாற்காலி கேட்காமல், நின்றபடியே, போனில் பேசுகிற அதே குரலில் சொன்னாய்.

"சார், நான் ஒருத்தர்கிட்டதான் சரின்னு சொன்னேன். மத்த ரெண்டு பேருகிட்ட சொல்லல. கதவ சாத்துனப்பறம் அவருகிட்டயும் சொல்லல."

பின்னால் சிரித்தவர் சிரிப்பை நிறுத்தினார். ஆனாலும் அவர் எழுதவில்லை. மேலதிகாரியிடம் மனு கொடுப்போம் என்று மேடம் நம்மை வக்கீலிடம் கூட்டிப்போனார். நல்ல மனிதர்தான் அந்த வக்கீல். நம்மிடம் ஒரு ரூபாய் வாங்காதவர். ஆனால் அவர் எழுதிய மனுவில் இரண்டு பேர் பெயர்தான் இருந்தது.

"லாரிக்காரர் மேல நிக்காதும்மா. அவருகிட்ட ஒத்துக்கிட்டுத்தான போனீங்க? அவரையும் சேத்தா மொத்தக் கேஸும் பலவீனமாயிடும். ரெண்டு பேர் மேல போடுவோம், கெட்டியா நிக்கும்" என்றார். மேடமும் பேசாமல் இருந்தார். நீ அந்தத் தாளைக் கையெழுத்துப் போடாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாய். "நாளைக்கி தர்றேங்க."

அன்று சாயங்காலம் என் வீட்டில் இருந்தாய். ஒரு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாய். பேசியவன் மரியாதையாகத்தான் பேசினான். பெரிய இடம், வேண்டாம், விட்டுவிடு என்றான். கடைசியில்தான் வெளியே வந்தது: "நீ பாக்குற வேல ஊர்ல ஒங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

உன் அம்மாவுக்கு நீ பெரம்பலூரில் ஒரு மில்லில் வேலை பார்ப்பவள். அத்தனை வருஷமும் அப்படித்தான். ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "நாளைக்கித் தெரியும்" என்றாய். போனை வைத்துவிட்டாய்.

மறுநாள் முதல் பஸ்ஸில் உன் ஊருக்குப் போனோம். வழியெல்லாம் லாரிகள் உதிர்த்துவிட்டுப் போன வெள்ளைப்புழுதி. நீ ஜன்னலைச் சாத்தவில்லை.

உன் அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் காய்த்த கை அது. "என்னடி இந்நேரத்துல, மில்லு லீவா?" என்றார். நீ எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். மில் இல்லை என்று தொடங்கினாய். எல்லாவற்றையும் சொன்னாய். ஒரு சொல்லையும் பூசி மெழுகவில்லை. அந்த அம்மாவின் கை கீரையை உருவிக்கொண்டே இருந்தது. நீ முடித்ததும்தான் நின்றது.

"அந்த வேலைக்கி நீயா போனியா, யாராச்சும் தள்ளி வுட்டாங்களா?"

"நானாத்தான் போனேன்."

"அன்னைக்கி?"

"அன்னைக்கி ஒருத்தன்கிட்ட சரின்னுட்டுப் போனேன். மூணு பேரு இருந்தானுங்க. வேணாம், கெளம்புறேன்னேன். வுடல."

"யாரு யாரு மேல எழுதியிருக்கீங்க?"

"ரெண்டு பேரு மேல. அந்த ஒருத்தன்கிட்டதான் நான் சரின்னு சொல்லிட்டனேம்மா, அது நிக்காதுங்கறாங்க."

உன் அம்மா கீரையைத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்.

"கதவ சாத்துனது யாரு?"

ஆட்டோவில் நீ சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. நான்தான் சொன்னேன்: "அந்த ஒருத்தன்தாம்மா."

"அப்ப அவன எதுக்கு வுட்டீங்க? மூணு பேரு மேலயும் எழுது."

நீ அப்படியே அவர் மடியில் சாய்ந்தாய். அவர் உன் தலையில் கை வைக்கவில்லை. கீரைக்காம்பு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அந்த வேலையப் பத்தி நான் ஒங்கிட்ட பேச வேண்டியது நெறைய இருக்கு. அது தனி. இது தனி" என்றார். அதை அவர் மறக்கவும் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் அந்தத் தொழிலைப் பற்றி உன்னோடு மல்லுக்கட்டினார். ஆனால் வழக்கு நாளன்று ஒரு தடவையும் வீட்டில் இருந்ததில்லை, உன்னோடு கோர்ட்டுக்கு வந்துவிடுவார்.

மேலதிகாரி ஒரு பெண். மூன்று பேரையும் சேர்த்து எழுதிய புது மனுவை நின்றபடியே படித்தார். மூன்று பெயரையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, உன்னை உட்காரச் சொன்னார். அன்றைக்கே வழக்குப் பதிவானது.

அதன்பின் வந்த வருஷங்கள் எளிதாக இல்லை. வாய்தா மேல் வாய்தா. உங்கள் தெருக் குழாயில் உன் அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அவர் அதைத் தன் இடம் தாராளமாகிவிட்டதாக எடுத்துக்கொண்டு குடத்தை நடுவில் வைத்தார். ஒரு நாள் பெட்டிக்கடைக்காரம்மா உன்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டு, "எனக்கு அப்ப ஒந் தைரியம் இல்லாம போச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டதாகச் சொன்னாய். யாரால், எப்போது என்று நீ கேட்கவில்லை. கைநிறைய வெல்லக்கட்டி வைத்து அனுப்பினாராம்.

மிரட்டலுக்கு இனி அவர்களிடம் எதுவும் மிச்சமில்லை. ஊருக்குச் சொல்லிவிடுவேன் என்பதுதான் அவர்களுடைய ஒரே ஆயுதம். அதை நீயே வாங்கி முறித்துப் போட்டுவிட்டாய். அந்த லாரிக்காரன் கோர்ட் வராந்தாவில் உன்னைக் கடக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு போவான். நீ நேராகப் பார்ப்பாய்.

உன்னைக் குறுக்கு விசாரணை செய்த அன்று நான் வெளியே டீக்கடைத் தகரக்கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். இப்படிப்பட்ட வழக்கை மூடிய அறையில்தான் விசாரிப்பார்கள். உன்னோடு ஒருவர் இருக்கலாம் என்று நீதிபதி அனுமதித்தபோது, மேடத்தைக் கூப்பிடுவாய் என்று நினைத்தேன். நீ உன் அம்மாவைக் கூப்பிட்டாய்.

நெடுநேரம் கழித்து அவர் வெளியே வந்தார். ஒரு கிளாஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கோ சினிமாக் கதை சொல்வதுபோலச் சொன்னார்.

"அந்த வக்கீலு கேட்டாரு செல்வி, 'இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ இவருகூட போயிருக்கீங்கல்ல?'ன்னு. ஜட்ஜம்மா ஒடனே, அந்தக் கேள்வி இங்க கேக்கக் கூடாது, நீங்க பதில் சொல்ல வேணாம்மான்னாங்க. இவ இருந்துக்கிட்டு, 'இல்லங்கம்மா, நான் சொல்லிர்றேன்'னா. 'போயிருக்கேன்'னா. 'அப்ப சம்மதந்தான?'ன்னாரு அவரு. எம் மவ சொன்னா பாரு: 'அந்த ரெண்டு தடவ சம்மதம். அதனாலதான் அந்த ரெண்டு தடவைக்கி நான் கேஸ் குடுக்கலங்க.' அவ்ளோதான். அவரு பேப்பர பொரட்டுறாரு, பொரட்டுறாரு, அடுத்த கேள்வியக் காணோம்."

சொல்லிவிட்டு உன் அம்மா சிரித்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நீ வெளியே வந்தபோது முகம் வெளுத்துப்போயிருந்தது. "நல்லா சொன்னனா?" என்று என்னைக் கேட்டாய். உன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். உன் அம்மாதான் டீக்கடைக்காரரிடம், "எம் மவளுக்கு ஒரு டீ, சர்க்கர தூக்கலா" என்றார்.

தீர்ப்பு நாளில் மூன்று பேரும் குற்றவாளிகள் என்று நீதிபதி வாசித்தார். மூன்று பேரும். லாரிக்காரன் பெயரைத்தான் முதலில் வாசித்தார். முதலில் தந்த சம்மதம் பிறகு சொன்ன மறுப்பை அழித்துவிடாது என்றும், ஒரு பெண் செய்கிற தொழில் அவள் உடம்பைப் பொதுச்சொத்தாக்கிவிடாது என்றும் அதில் எழுதியிருந்ததை வக்கீல் நமக்கு விளக்கிச் சொன்னார். "நான் ரெண்டு பேரோட நிறுத்தியிருப்பேன்மா. நீங்கதான் சரி" என்றார். "எங்கம்மாகிட்ட சொல்லுங்க சார்" என்றாய் நீ. அவர் உண்மையிலேயே உன் அம்மாவின் முன்னால் போய்க் கைகூப்பினார். அந்த அம்மா பயந்துபோய் அவரைவிடக் கீழே குனிந்து கும்பிட்டார்.

அன்று அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நாம் தின்ற ஜாங்கிரியின் பிசுக்கு இப்போதும் விரலில் இருக்கிறது. சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். முகத்தை மூடிக்கொண்டே கோர்ட்டுக்கு வந்து பழகியவர்கள், அன்று முகத்தை மூடாமல், நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தார்கள்.

அதன்பிறகு நீ செய்ததுதான் எல்லாரையும் திகைக்க வைத்தது. ஒருவர் தையல் மிஷின் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் பேட்டி எடுக்க வந்து, "இனிமே இந்தத் தொழில விட்ருவீங்கல்ல?" என்று மைக்கை நீட்டினார். வழக்கில் ஜெயித்த பெண் அடுத்து அதைத்தானே செய்யவேண்டும்?

"விடுறதா இருந்தா நானா விடுவேங்க. அவனுங்க ஜெயிலுக்குப் போனதுக்கு நான் ஏன் வேலைய விடணும்?" என்றாய். தையல் மிஷின்காரரிடம் இன்னும் மரியாதையாக: "எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது சார். கேக்குறவங்களுக்குக் குடுங்க." அந்த மிஷின் சங்கத்தில் ஆசைப்பட்டுக் கேட்ட இன்னொருத்திக்குப் போயிற்று. இன்று பாடாலூரில் அவள் ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறாள். அது அவள் இஷ்டம்.

அடுத்த வாரம் என் வீட்டில் உன் போன் மணியடித்தது. "தனியா வரணும். குடிச்சிட்டு வரக் கூடாது" என்று தொடங்கினாய், முன்னைவிடச் சத்தமாக. ஜன்னலைச் சாத்த எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தெருவுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்றிருந்தது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தாய். திருச்சிக்குக் கொண்டுபோனோம். டெங்கு என்றார்கள். எவ்வளவோ பார்த்தார்கள். மூன்று பேரை எதிர்த்து நின்ற உடம்பு ஒரு கொசுவிடம் தோற்றதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. கடைசியாக நினைவோடு இருந்தபோது ஊசி போட வந்த நர்ஸிடம், "சொல்லிட்டுக் குத்துங்க சிஸ்டர்" என்றாய். அவர் சொல்லிவிட்டுத்தான் குத்தினார்.

உன் ஊருக்கு நாங்கள் வந்தபோது தெருமுனையிலேயே தயங்கி நின்றோம். சங்கத்துப் பெண்கள் ஒரு வேன் நிறைய. சாவு வீட்டில் உறவுக்காரர்கள் இருப்பார்கள், நம்மால் அந்த அம்மாவுக்கு இன்னொரு தலைக்குனிவு வேண்டாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். மாலையை அங்கேயே யாரிடமாவது கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றாள் ஒருத்தி. அதற்குள் உன் அம்மா பந்தலிலிருந்து எழுந்து வந்துவிட்டார். அழுது அழுது குரல் போயிருந்தது. இருந்த குரலில் தெருவே கேட்கும்படி சொன்னார்:

"எம் மவகூட வேல பாத்த புள்ளைங்க எல்லாம் முன்னாடி வாங்க. பின்னாடி நிக்காதீங்க."

முன்னால் போனோம். உன் தலைமாட்டில் உட்கார்ந்தோம். உறவுக்காரர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். குழாயடியில் குடத்தைத் தள்ளி வைத்தவர்களில் ஒருத்தி வந்து எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பெட்டிக்கடைக்காரம்மா உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையின் அர்த்தம் அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ போன பின் உன் அம்மா என்னிடம் அந்தப் பழைய சண்டையைத் தொடர்கிறார். அந்தத் தொழில் வேண்டாம் என்கிறார், நான் கேட்டுக்கொள்கிறேன், பிறகு இருவரும் சாப்பிடுகிறோம். சங்கத்துக் கூட்டத்துக்கு அவர் தவறாமல் வருகிறார். புதிதாக யாராவது தன் கதையைச் சொல்லி, நான் முதலில் ஒத்துக்கொண்டேனே என்று தலைகுனிந்தால், மூலையிலிருந்து அந்தக் குரல் வரும்: "அது கெடக்கட்டும். கதவ சாத்துனது யாரு?"

இன்று நான் பாடாலூர் வந்தது அப்படி ஒருத்திக்காகத்தான். நேற்று போன் செய்தாள். முப்பது வயது இருக்கும். நம் தொழில்தான். நேரில் உட்கார வைத்துக் கேட்டபோது விரலை முறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவரு எப்பவும் வர்றவருதாங்கக்கா. ஒறை வேணாம்னாரு. முடியாதுன்னேன், எந்திரிச்சேன். அமுக்கிட்டாரு. எப்பவும் வர்றவருங்கறதால இது கேஸாகுமா ஆகாதான்னு தெரியலக்கா."

"முடியாதுன்னு சொன்னியா?"

"சொன்னங்கக்கா. ரெண்டு மூணு தடவ சொன்னேன்."

"இப்ப ஒனக்கு என்ன பண்ணணும்னு இருக்கு? கேஸ் குடுக்கணுமா, வேணாமா? ரெண்டுல எதுன்னாலும் நான் கூட இருப்பேன்."

முறுக்கிக்கொண்டிருந்த விரலைப் பிரித்தாள். பிறகு, "குடுக்கணுங்கக்கா" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அங்கிருந்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் போலீஸ் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார், மின்விசிறியைத் திருப்பிவிட்டார், அவள் சொல்லச் சொல்ல எழுதினார். அவள் திணறிய இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். இதெல்லாம் தானாக வரவில்லை. அன்று ஸ்டேஷனில் நீ நின்றுகொண்டே சொன்ன அந்த மூன்று வரியிலிருந்துதான் நம் பக்கத்தில் இது தொடங்கியது என்று எனக்குத் தெரியும்.

எழுதி முடித்தபின் அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இவங்களுக்கு யாரும்மா?"

"கூட வந்தவ மேடம். சிநேகிதி."

"என்ன வேல பாக்குறீங்க?"

எந்த அரசாங்க மேஜைக்கு முன்னாலும் நான் அதுவரை சொல்லாததைச் சொன்னேன். "பாலியல் தொழில் மேடம்."

குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். நடுங்கவில்லை. மளிகைக்கடைக்குச் சாமான் சொல்கிற மாதிரிதான் வந்தது. அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். பிறகு, வழக்கமாகக் கேட்பதோ, அக்கறையில் கேட்டதோ தெரியவில்லை, நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"விருப்பப்பட்டுத்தான் பண்றீங்களா?"

"ஆமாங்க மேடம். விருப்பம் இல்லாத அன்னைக்கி இல்லன்னு சொல்லிருவேன்."